கஜாவுக்குப் பிறகு கொல்லையில் வெட்டியதும் விட்டதும்

ஐப்பசி பிறந்து வங்கக்கடலில் ஒரு சுழல் உருவாகிவிட்டால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள். கேள்வி ஒன்றுதான்: "மரம் சாஞ்சிருக்கு, வெட்டிடலாமா?" பாதிப் பேர் கேட்கும்போதே ஆள் மெஷினோடு வாசலில் நின்றுகொண்டிருப்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்துவிட்டால் சுட்டியை அனுப்பிவிடலாம்.

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் எங்கள் வீடும் கொல்லையும் இருக்கின்றன. 2018-இல் கஜா புயல் அந்த வழியாகத்தான் போனது. அந்தக் கொல்லையைச் சீர்செய்தபோது பார்த்ததும், அதற்காகத் தேடிப் படித்ததும்தான் என் கையிருப்பு. என் பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தென்னையைத் தவிர வேறெந்த மரத்துக்கும் புயல் அடித்த வாரத்திலேயே தீர்ப்பு எழுதாதீர்கள்.

நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்த கஜா, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று மேற்கே இறங்கியது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் ஊரில் முதலில் வடக்கிலிருந்து அடித்தது. கொஞ்சம் ஓய்ந்தது. "முடிஞ்சிருச்சு போல" என்று வெளியே வந்து பார்த்தவர்கள் உண்டு. பிறகு தெற்கிலிருந்து திரும்ப அடித்தது. முதல் காற்றில் வேர் இளகிய மரங்களை இரண்டாவது காற்று சாய்த்தது. ஒரே கொல்லையில் ஒரு தென்னை தெற்கே பார்த்தும் இன்னொன்று வடக்கே பார்த்தும் கிடந்ததற்கு அதுதான் காரணம். விழாமல் நின்ற மரங்களின் கிளைகளும் இரண்டு பக்கமும் வளைந்து முறுக்கேறியிருந்தன. இந்த முறுக்கு பின்னால் வெட்டும்போது முக்கியமாகிறது.

முதல் நாட்களில் செய்ய வேண்டிய வேலை குறைவு. வாசலுக்கும் கிணற்றடிக்கும் வழி, ஓட்டுக் கூரைமேல் சாய்ந்திருக்கும் கிளை, தலைக்கு மேலே அறுந்தும் விழாமலும் தொங்கும் கொப்பு. இவ்வளவுதான் அவசரம். மின்கம்பி எதன்மேல் கிடந்தாலும் அந்தப் பக்கம் போகக்கூடாது. "கரண்ட்தான் ஊரிலேயே இல்லையே" என்பது தப்புக்கணக்கு. எங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆனால் நாலு வீடு தள்ளி யாரோ ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கோடு சரியில்லாமல் இணைத்திருந்தால், அறுந்து கிடக்கும் கம்பியில் பின்வழியாகக் கரண்ட் ஏறும். இன்னொன்று பாம்பு. வெள்ளம் புகுந்த வளையிலிருந்து வெளியேறியவை குவிந்த இலைக்கும் மட்டைக்கும் கீழேதான் ஒதுங்கும். கையை விடுவதற்கு முன் அலக்கால் கிளறிப் பார்த்துவிட வேண்டும்.

வளைந்து தரையில் அழுந்திக் கிடக்கும் கிளையைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும். அதை நடுவில் வெட்டினால், தேக்கி வைத்த விசை முழுவதையும் ஒரே நொடியில் விடும். முகத்தில் அடித்து, தாடை பெயர்ந்தவர் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார். அப்படிப்பட்ட கிளையில் வெட்டும் ஆள் வளைவின் வெளிப்பக்கம் நிற்கக்கூடாது. உள்வளைவில் சிறிது சிறிதாக அறுத்து, விசையைத் தணித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இனி தென்னை.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் காவிரியின் கடைமடை. தண்ணீரை நம்பி நெல் போட முடியாமல் போன வயல்களில் ஒரு தலைமுறைக்கு முன்பே தென்னை ஏறிவிட்டது. அதனால் எங்களுக்குக் கஜா என்றால் தென்னைதான். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து கயிறு கயிறாகக் கிளம்பும் சல்லிவேர்தான். ஊறிய மண்ணில் தூரோடு பெயர்ந்து வந்தவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இடுப்பில் முறிந்தவையும் அப்படியே. குழப்பம், நின்றுகொண்டிருந்த மரங்களில்தான். தென்னைக்கு உயிர் ஒரே இடத்தில், உச்சியில், குருத்தில் இருக்கிறது. மாமரத்துக்கு எங்கு வெட்டினாலும் பக்கத்தில் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். தென்னைக்கு அப்படி மாற்று ஏற்பாடு கிடையாது.

எங்கள் கொல்லையில் மட்டைகளெல்லாம் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு நின்ற மரத்தில் ஏறிய அண்ணன் மேலேயிருந்து குருத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது. அடிமுனை பழுப்பாகி, புளித்த வாடை அடித்தது. "போயிருச்சு தம்பி. இனி இது வெறும் கம்பம்தான்" என்றார். பக்கத்து மரம் அதைவிட மோசமாகத் தெரிந்தது. மட்டைகள் முக்கால்வாசி முறிந்து, பாளையெல்லாம் உதிர்ந்து, மொட்டையாக நின்றது. அதில் குருத்து அசையவில்லை. அந்த மரம் இன்றும் காய்க்கிறது. கீழே நின்று பார்த்து முடிவு செய்திருந்தால் நல்ல மரம் வெட்டுப்பட்டு, செத்த மரம் நின்றிருக்கும்.

நின்ற தென்னையில் முறிந்து தொங்கும் மட்டைகளை மட்டும் எடுக்க வேண்டும். பாதி ஒடிந்தாலும் பச்சையாக இருக்கும் மட்டையை விட்டுவிடுங்கள், மரம் அதைக்கொண்டுதான் மீள்கிறது. பச்சை மட்டையை வெட்டியே தீர வேண்டும் என்றால் மரத்தை ஒட்டி அரியாமல், நாலடி நீளம் அடிமட்டையை விட்டு வெட்டச் சொல்கிறார்கள். காரணம் சிவப்புக் கூன்வண்டு. பச்சைக் காயத்திலிருந்து வடியும் சாற்றின் வாடைக்கு வந்து முட்டையிடும். புழு உள்ளே குடைந்து தின்னும்போது வெளியே ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது மரம் கைவிட்டுப் போயிருக்கும். அடிமட்டை நீளமாக இருந்தால் புழு தண்டை எட்டுவது கடினம்.

"புயல்தான் போயிருச்சே, ஏன் இன்னும் காய் பிடிக்கல?" என்று மறுவருஷம் முழுக்கக் கேட்டார்கள். தென்னம்பாளை விரிவதற்கு ஏறக்குறைய இரண்டரை வருஷத்துக்கு முன்பே உள்ளே கருவாகிவிடுகிறது. பாளை விரிந்து காய் முற்ற இன்னும் ஒரு வருஷம். அன்றைய அடி உள்ளே இருந்த கருக்களுக்கும் விழுந்தது. அது வெளியே தெரிந்து தீர மூன்று வருஷமாவது ஆகும். மறுவருஷக் காய்ப்பைப் பார்த்து மரத்தை வெட்டிய தோப்புக்காரர்கள் இருக்கிறார்கள்.

விழுந்ததை என்ன செய்வது என்பது தனிக்கதை. அரசு ஒரு தென்னைக்கு 600 ரூபாய் இழப்பீடும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயுமாக 1,100 அறிவித்தது. அந்த நேரத்தில் மெஷின் வைத்திருந்தவர் கேட்ட கூலிக்கு 500 எந்த மூலைக்கு? தென்னங்கட்டை லாரி லாரியாகப் போனது, விலை என்று ஒன்று இல்லை. பலரும் துண்டு போட்டு வேலியோரம் உருட்டிவிட்டார்கள். மழையில் நனைந்து அந்தக் கட்டைகள் மெத்தென்று மட்கியபோது காண்டாமிருக வண்டுக்கு அதைவிட நல்ல பிரசவ அறை கிடையாது. வண்டு பிறப்பது மட்கிய கட்டையிலும் எருக்குழியிலும், மேய்வது உயிருள்ள மரத்தின் குருத்தில். பிழைத்த மரங்களில் புது ஓலை விரியும்போது முக்கோண முக்கோணமாக வெட்டு விழுந்திருந்தால் அது வந்துபோனது என்று அர்த்தம். கஜாவில் தப்பிய மரங்களைப் பின்னால் இந்த வண்டு பாடாய்ப்படுத்தியது.

அதனால் தென்னங்கட்டையை மண்ணோடு ஒட்டிக் கிடக்க விடக்கூடாது. நாங்கள் நல்ல கட்டைகளை மாட்டுக்கொட்டகைக்குத் தூணாகவும் விட்டமாகவும் எடுத்துக்கொண்டோம். மிச்சத்தைப் பிளந்து, செங்கல் வைத்து அதன்மேல் காற்றாட அடுக்கி, வெயில் வந்ததும் அடுப்புக்கு எரித்தோம். எருக்குழியைக் கிளறும்போதெல்லாம் பருத்த வெள்ளைப் புழுக்கள் வளைந்து கிடந்தன. கோழிகளுக்கு அது ஒரு பொற்காலம். பிற்பாடு வேளாண் அலுவலகத்தில் மெட்டாரைசியம் என்ற பூஞ்சணம் வாங்கிக் குழியில் கலந்தோம், அது புழுவைப் பிடித்துக் கொல்லும். ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானையில் வைத்தால் வண்டு வாடைக்கு வந்து விழும். நாற்றம் வீட்டுக்குள் வரை வரும், பானையைத் தள்ளி வையுங்கள்.

மாமரத்துக்கு வருகிறேன். இதில்தான் ஆள் ஆளுக்கு அவசரப்படுகிறார்கள்.

கொல்லையின் வடமேற்கு மூலையில் தாத்தா வைத்த ஒட்டு மா. இலை ஒன்றுகூட இல்லாமல், பெரிய கிளை ஒன்று கவட்டையில் பிளந்து தொங்க, பார்க்கச் சகிக்காமல் நின்றது. வெளியூரிலிருந்து மெஷினோடு வந்த ஒரு குழு, "விழுந்ததையெல்லாம் சும்மாவே அப்புறப்படுத்தித் தர்றோம், இந்த மாவையும் சேத்து எடுத்துக்கிறோம், எப்படியும் செத்துரும்" என்றது. அவர்களுக்குத் தேவை மாம்பலகை. அம்மா திண்ணையிலிருந்து எழுந்திருக்காமலே, "அது செத்தா நாங்க சொல்லியனுப்புறோம், நீங்க போயிட்டு வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டார்.

இலை உதிர்ந்த மரம் செத்த மரம் இல்லை. காற்று உருவியதுதான். சுண்டுவிரல் தடிமனுள்ள கொப்பில் நகத்தால் மேல்பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே வந்து சுரண்டுங்கள். பச்சை எங்கே தொடங்குகிறதோ அதுவரைதான் அந்தக் கிளைக்கு மரணம். எங்கள் மா மார்கழியிலேயே துளிர்த்தது. சந்தேகமாக இருந்த கிளைகளை மாசிவரை தொடவே இல்லை. அதில் பாதிக்கு மேல் பிழைத்தன.

பிளந்து தொங்கிய கிளையை மட்டும் எடுத்தாக வேண்டும். எடை தொங்கத் தொங்க, பட்டை அடிமரம்வரை உரிந்துகொண்டு வரும். இதை வெட்டும் விதம் எளிது, ஆனால் கூலிக்கு வருபவர்கள் நின்று செய்வதில்லை, சொல்லித்தான் செய்ய வைக்க வேண்டும். முதலில் நுனியிலிருந்து வெட்டிக்கொண்டே வந்து பாரத்தைக் குறைக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுக்க வேண்டும். பிறகு அதற்கும் நாலு விரல் வெளியே, மேலிருந்து கீழாக அறுத்தால் கிளை விழும். பட்டை கீழ்வெட்டோடு நின்றுவிடும். மிஞ்சிய கட்டையைத்தான் மூன்றாவதாக நிதானமாக எடுக்க வேண்டும்.

அந்த மூன்றாவது வெட்டு எங்கே விழுகிறது என்பதில் மரத்தின் ஆயுள் இருக்கிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால், அங்கே பட்டை சுருங்கி மடிந்து, வளையமாகக் கொஞ்சம் தடித்திருக்கும். விரலால் தடவினாலும் தெரியும். அந்தத் தடிப்பை மரத்துக்கு விட்டுவிட்டு, அதை ஒட்டி வெளியே வெட்ட வேண்டும். 'நீட்டாக' இருக்கட்டும் என்று அடிமரத்தோடு மழுங்க அரிவது நம் ஆட்களின் வழக்கம். ஒரு முழக் கட்டையை முளைபோல நீட்டி விட்டு வைப்பது இன்னொரு வழக்கம். முதலாவதில் காயம் தேவைக்கு மேல் பெரிதாகி அடிமரத்துக்குள் அழுகல் இறங்குகிறது. இரண்டாவதில் முளை காய்ந்து, அதுவே கறையானுக்கு வாசலாகிறது.

அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னது: மரம் காயத்தை நம் தோல் ஆற்றுவதுபோல ஆற்றுவதில்லை, கெட்ட பகுதியை உள்ளே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு அதைச் சுற்றிப் புதிதாக வளர்கிறது. அந்தச் சுவரை எழுப்பும் வேலை நடப்பதே அந்தத் தடித்த வளையத்தில்தான். காயத்தின்மேல் எதையும் பூச வேண்டாம் என்பதும் அவர் கட்சி. நம் ஊர் வேளாண் துறையோ பூஞ்சணத்தைத் தடுக்கும் போர்டோ பசை தடவச் சொல்லும். இந்த விஷயத்தில் நான் பாதிப் பாதி. மழை இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கும் கார்த்திகையில் பூஞ்சணம் சும்மா இருக்காது. பெரிய வெட்டுகளுக்கு மட்டும் பசையை மெல்லிசாகத் தடவினேன், சின்ன வெட்டுகளை அப்படியே விட்டேன். தார் மட்டும் வேண்டவே வேண்டாம். தார் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

பசை செய்வது சுலபம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, நீற்றாத சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர். துத்தத்தை ஐந்து லிட்டரிலும் சுண்ணாம்பை ஐந்து லிட்டரிலும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, மூன்றாவது வாளியில் சேர்த்து ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. ஒரு பழைய ஆணியைக் கொஞ்ச நேரம் நனைத்து எடுங்கள். செம்பு நிறம் ஒட்டியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வீட்டுக் கொல்லைக்கு இந்த அளவில் பத்தில் ஒரு பங்கே தாராளம்.

இன்னொரு வேலையை யாரும் சொல்லாமல் விடுகிறார்கள். கூரைபோல இருந்த இலை போனதும், இதுவரை வெயிலே படாத பட்டையில் தை, மாசி வெயில் நேராக விழும். மேற்குப் பக்கத்துப் பட்டை வெடித்து உரியும், அதற்குள் கட்டையைத் துளைக்கும் பூச்சி நுழையும். அடிமரத்துக்கும் மேலே திறந்துபோன தடித்த கிளைகளுக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டால் போதும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த மீதியில் முடிந்துபோகிற காரியம்.

வெட்டிய இடங்களைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர் வரும்போது மனசு குளிர்ந்து எல்லாவற்றையும் விட்டுவிடத் தோன்றும். அந்தத் துளிர்கள் பட்டைக்கு அடியிலிருந்து கிளம்புகிறவை. உள்கட்டையில் பிடிமானம் கிடையாது. எல்லாவற்றையும் விட்டால் நாலைந்து வருஷத்தில் பெருத்து, அடுத்த புயலில் அவைதான் முதலில் பிய்ந்து விழும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழித்தாலும் மரம் பட்டினி. முதல் வருஷம் விட்டு, அடுத்த வருஷம் நெருக்கத்தைக் கலைத்து, கடைசியில் நல்ல இடைவெளியில் இரண்டோ மூன்றோ நிற்கும்படி செய்தோம். அந்த முதல் கோடையில் ஒரு மாங்காய் இல்லை. ஊறுகாய்க்குச் சந்தையில் வாங்கியதை அம்மா வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டினார்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். முருங்கைக்குக் கவலையே வேண்டாம். இடுப்புயரத்தில் வெட்டிவிட்டு முகத்தில் கொஞ்சம் சாணி அப்பினால், ஆறு மாதத்தில் கீரை பறிக்க அலக்கு தேடுவீர்கள். ஒடிந்த போத்துகளை வேலியோரம் ஊன்றினால் ஊருக்கே கொடுக்கலாம். கொய்யா புதுக் கொப்பில்தான் காய்க்கும். புயல் அதற்குக் கவாத்து செய்துவிட்டுப் போயிருக்கிறது, பிசிறுகளைச் சீர்செய்தால் போதும். கறிவேப்பிலை தூரிலிருந்தே கிளைக்கும். வாழையில் ஒடிந்த மரத்தை அடியோடு வெட்டி, தண்டை நெடுக்காகப் பிளந்து சிறு துண்டாக்கிப் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் தண்டுக் கூன்வண்டு அதில் குடித்தனம் நடத்தும். பக்கக்கன்றில் நல்லதாக ஒன்றை விட்டுவிட்டால் அது தாய்க்கு மேல் வரும். எலுமிச்சைக்கு மட்டும் பொறுமை வேண்டும். காற்றும் மழையும் சேர்ந்து கீறிய இலைகளில் சொறிநோய் வேகமாகப் பரவும். சொறி விழுந்த கொப்புகளை ஈரம் காய்ந்த நாளில் கத்தரித்து எரித்துவிட வேண்டும், கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் துடைக்க வேண்டும்.

வேரோடு சாய்ந்தவற்றில் சின்ன மரங்களை நிமிர்த்தலாம். தொடைக்கு மேல் பருத்ததை நிமிர்த்துவது ஆபத்தான வேலை, நிமிர்த்தினாலும் அது மண்ணை மறுபடி பிடிப்பது அபூர்வம். எங்கள் நார்த்தை மூன்றில் ஒரு பங்கு வேர் வெளியே தெரியச் சாய்ந்து கிடந்தது. நனைந்த சாக்கால் வேரை மூடிவைத்தோம். நாலைந்து பேர் வந்து கயிறு கட்டி இழுக்கத் தயாராக இருந்தார்கள். நான் முதலில் மண்ணை எடுக்கச் சொன்னேன். வேர்க்கட்டு உட்காரக் கீழே குழி இல்லாமல் இழுத்தால், மறுபக்கத்தில் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் நல்ல வேர்களும் அறுந்துபோகும். நைந்த வேர் நுனிகளைக் கத்தியால் சீராக வெட்டி, மேலே பாரத்தைக் கொஞ்சம் குறைத்து, மெதுவாக நிமிர்த்தி, சுற்றிலும் மூன்று முளை அடித்துக் கட்டினோம். கட்டுக்கம்பி கூடாது, பட்டையை அறுத்துவிடும். பழைய சைக்கிள் டியூப் நன்றாக வேலை செய்யும். கட்டிய டியூபை ஒரு வருஷம் கழித்து அவிழ்த்துவிட வேண்டும்.

பலா போய்விட்டது. காற்றில் நின்றது, கொல்லையில் தேங்கிய தண்ணீரில் செத்தது. பலாவுக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. எல்லாரும் தலைக்கு மேலே முறிந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாய்க்கால் வெட்டி நீரை வடிப்பதுதான் பல மரங்களைக் காப்பாற்றும் முதல் வேலை. கடற்கரைப் பக்கம், வேதாரண்யம் வட்டாரத்தில், உப்புத் தண்ணீரே உள்ளே புகுந்தது. அங்கே நல்ல மழையில் உப்பு கழுவப்படும்வரை எந்தக் கன்று நட்டும் பயனில்லை.

குவிந்த இலையை எரிக்காதீர்கள். வேப்பிலை, மாவிலை, பூவரச இலை எல்லாவற்றையும் மரங்களின் தூரில், பட்டையைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்பினால், மாசிக்குப் பிறகு வரும் வறட்சியில் பாதித் தண்ணீர் மிச்சம்.

அடுத்த புயலுக்கான வேலை ஐப்பசியில் செய்வது இல்லை. மா காய்ப்பு முடிந்து ஆடி, ஆவணியில் கொப்புகளைக் கலைத்து, காற்று ஊடே போக வழி விட வேண்டும். உச்சியை மொட்டையடிப்பது அதற்கு மாற்று இல்லை, அது மேலே சொன்ன பிடிமானமில்லாத துளிர்களைத்தான் வளர்க்கும். வீட்டை ஒட்டிய தென்னைகளில் முற்றிய குலைகளையும் காய்ந்த அடிமட்டைகளையும் இறக்கிவிட்டால் உச்சிப் பாரம் குறையும். ஆளை ஆவணியிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். புரட்டாசியில் கேட்டால் எல்லாரும் சம்பா நடவில் இருப்பார்கள், வானிலை அறிவிப்பு வந்த பிறகு கேட்டால் கூலி இரட்டிப்பு.